மினுங்கக் கூடாத தோணி

போன மாதம் ஒஸ்லோவில், ட்வெய்ட்டா சென்டரில் நாங்கள் வழமையாகக் கோப்பி குடிக்கிற மேசையில் ஒருவர் கைபேசியை நீட்டிப் படம் காட்டினார். அவருடைய மருமகன் தாராவேட்டைக்கென்று, அதுதான் காட்டு வாத்துச் சுட, ஒரு படகு வாங்கி, தேவையான சாமான் எல்லாம் புதிதாகப் பூட்டி, முதல் பயணம் போய்வந்திருக்கிறாராம். படகு பாசி நிறம், மருமகன் போட்டிருந்த சட்டை பாசி நிறம், நாய்க்கும் பாசி நிறத்தில் ஒரு அங்கி. "நோர்வேயிலை தாராவேட்டைக்கு இறங்கின முதல் தமிழ்க் குடும்பம் எங்கடைதான்" என்றார். சுற்றியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. பாதிக் கோப்பியோடு எழும்பி வந்துவிட்டேன்.

சங்கத்து மலருக்குச் சின்னவயது நினைவு ஒன்று எழுதித் தா என்று என்னைப் பல வருடமாக நச்சரிக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், எழுத்து எனக்குக் கைவராது என்று தட்டிக் கழித்தபடி இருந்தேன். இப்போது எழுதுகிறேன். அந்த மேசைக்காரருக்காகவே எழுதுகிறேன். வாசித்துவிட்டு அடுத்த முறை கைபேசியைப் பைக்குள்ளேயே வைத்திருக்கட்டும்.

அவருடைய மருமகன் பிறப்பதற்கு முன்னமே என் அப்பா இங்கே ஒரு தாராவேட்டைத் தோணியைப் புதுசாக்கி, ஏரியில் இறக்கி, துடுப்பு வலித்தவர். நானும் அதில் இருந்தேன். எனக்குப் பதினொரு வயது. அதில் நடந்தது நல்ல கதை இல்லை. ஆனால் முதல் கதை எங்களுடையதுதான்.

அப்போது எங்கள் ஆட்கள் ஒஸ்லோவில் மிகக் குறைவு. தெருவில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் பின்னால் ஓடிப்போய்ப் பிடிப்போம். நாங்கள் இருந்தது ட்வெய்ட்டாவுக்குக் கீழே, பிறகு இடித்துவிட்ட ஒரு மாடிக் கட்டடத்தின் நிலவறையில். உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் பக்கத்து அறை. அப்பா அந்தக் கட்டடத்தின் படிகளைக் கழுவுகிறவர். வேறு இடம் கிடைக்கும்வரை இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். எங்கள் தலைக்கு மேலே குழாய்கள் ஓடும். மேல்வீட்டில் யார் எப்போது எதற்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

குளியலறை கிடையாது. அம்மா குளிப்பதென்றால் தோய்க்கிற அறையில் ஆள் இல்லாத நேரம் பார்க்கவேண்டும். அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. நான் வெளியே நின்று கைபிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருப்பேன். ஒருநாள் மூன்றாம் மாடிக் கிழவி உடுப்புக் கூடையோடு வந்து, என்னைக் கோழிக்குஞ்சைத் தள்ளுகிற மாதிரி இடுப்பால் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா நனைந்த பாவாடையோடு எங்கள் அறைக்கு ஓடி வந்து, சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அந்த அறையில் நாலாவது ஆள் மாமா. அம்மாவின் தம்பி. வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் போர்மனோடு சண்டை பிடித்துவிட்டு ஒரு பெட்டியோடு வந்தவர். 'ரெண்டு கிழமைக்கு' என்று வந்தார். என் கட்டில் அவருக்குப் போனது. நான் மேசைக்குக் கீழே படுத்தேன். ஊரில் மேல் வகுப்புவரை படித்தவர், நோர்வேஜிய மொழிப் பேப்பரையும் எழுத்துக்கூட்டி வாசிப்பார், கதைக்கத்தான் வராது. வாசித்து முடிந்ததும் அப்பாவைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குக் கன்னத்தில் ஒரு அறை விடலாம் போல இருக்கும்.

அந்த வருடம் கட்டடத்தின் வாக்ட்மெஸ்டர் ஓய்வுக்குப் போகிறார் என்று கதை வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பனி தள்ளுகிறது, விளக்கு மாற்றுகிறது, கொதிகலன் பார்க்கிறது, கட்டடத்தின் எல்லாக் கதவுத் திறப்பையும் சாவிக்கொத்தாக இடுப்பில் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறது, அதுதான் வாக்ட்மெஸ்டர் வேலை. அந்த வேலையோடு தரைத்தளத்தில் ஒரு வீடும் வரும். இரண்டு அறை, ஜன்னல், பூட்டுள்ள குளியலறை. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் கட்டடத்தின் சேர்மன். நெட்டை மனிதர், கதைக்கும்போது வாய் மட்டும் அசையும். சிரித்து நான் கண்டதில்லை.

அம்மா அந்த வீட்டை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. வெளியே நின்று ஜன்னலைத்தான் பார்ப்பார். குப்பை போடப் போகிற ஒவ்வொரு முறையும் பார்ப்பார். எங்கள் வீட்டில் குப்பை கூடிப்போனது அந்த வருடம்தான்.

சேர்மனிடம் ஒரு பழைய மரத் தோணி இருந்தது. தட்டையான அடி, வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. கோடை விடுமுறைக்கு முன்னே ஒருநாள் அப்பா அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சேர்மன் கண்டார். அப்பா வாவிக்கரை ஆள், மரத்தைத் தட்டினால் எங்கே உக்கல் என்று தெரியும். என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் நோர்வேக்கும் நடுவில் அப்போது இருந்த ஒரே பாலம் நான்தான்.

சேர்மன் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்தேன்.

"ஓட்டையை அடைக்கட்டாம். இந்த டின்னில இருக்கிற பெயின்றை அடிக்கட்டாம். சுத்திவர நாணல் செருகிறதுக்கு வளையம் வைக்கட்டாம். தாராவேட்டைக்காம். மினுங்கக் கூடாதாம். வேற ஒண்டும் வேண்டாமாம்."

சேர்மன் மலைவீட்டுக்குப் போய்விட்டார். இலையுதிர்காலம் தொடங்க, வேட்டை திறக்கிற நேரம்தான் வருவார். அப்பா ஒரு ஆணியால் டின்னைத் திறந்தார். மண்ணும் பச்சையும் கலந்த, மினுக்கமே இல்லாத ஒரு நிறம். முகர்ந்து பார்த்தார்.

"இது சாணி" என்றார்.

"அதத்தான் அடிக்கச் சொன்னவர், அப்பா."

"அவர் பெரிய மனிசன், மனே. அப்பிடித்தான் சொல்லுவார். நம்மட ஊரில பந்தியில இருக்கிறவன் 'போதும், போதும்' எண்டு கையால மறிப்பான். மறிக்கிறவனுக்குத்தான் இன்னும் ரெண்டு அகப்பை போடுறது. போடாட்டி அது மரியாதையோ? வேண்டாம் எண்டா வேணும் எண்டுதான்."

மாமா என் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். பேப்பரை இறக்காமலே சொன்னார். "இவங்கள் அப்பிடி இல்ல, மச்சான். நான் போர்மன் வீட்ட சாப்பாட்டுக்குப் போனன். இன்னும் போடவோ எண்டு கேட்டான். மரியாதைக்கு வேண்டாம் எண்டன். சட்டியத் தூக்கிக்கொண்டு உள்ள போயிட்டான். பசியோட வீட்ட வந்தனான்."

இதோடு வாயை மூடியிருந்தால் அப்பா யோசித்திருப்பார். நிச்சயமாக யோசித்திருப்பார். ஆனால் மாமா மூடுகிற ஆளா?

"உனக்கு எங்க விளங்கப்போகுது? உன்ட அப்பன் துரைக்குத் துடுப்பு வலிச்சவன். உன்ட ரத்தத்தில கூழைக்கும்பிடு ஓடுது. அவன் சாணி எண்டாச் சாணியப் பூசிக் குடுத்திட்டு வேலைய வாங்கு."

அப்பா டின்னை மூடினார். ஆணியைத் திருப்பிப் பிடித்து அதன் தலையால் நாலு பக்கமும் தட்டி மூடினார். அந்த டின் பிறகு திறக்கப்படவே இல்லை.

என் அப்பப்பா, அப்பாவின் தகப்பன், துரைக்குத் துடுப்பு வலித்தது உண்மை. மட்டக்களப்பு வாவியில் தாராவேட்டைக்குப் போகிற ஒரு துரை. அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கரையில் நின்று அந்தத் தோணியைப் பார்த்திருக்கிறார். நீல நிறம். மேலே வெள்ளைத் துணியில் பந்தல், இருக்கையில் சிவப்பு மெத்தை, துடுப்புக் கொண்டிகள் பித்தளையில். தன் வாழ்க்கையில் அவர் பார்த்த ஒரே ஒரு தாராவேட்டைத் தோணி அது. அந்தத் துரை தோணியில் இருந்து சுடவே இல்லை என்பதும், அது அவரை மறுகரைக்குக் கொண்டுபோக மட்டும்தான் என்பதும், அங்கே இறங்கிப் புல்லுக்குள் வயிற்றால் ஊர்ந்து போய்த்தான் சுட்டார் என்பதும் பிறகு நான் பெரியப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. கரையில் நின்ற பிள்ளைக்குப் பந்தல்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளைதான் சேர்மனின் தோணியைச் செய்தது.

அந்தக் கோடை முழுக்க மிதிவண்டி நிறுத்துகிற அறையில் வேலை நடந்தது. அடிப்பலகை இரண்டை மாற்றினார். பஞ்சைத் திரித்து இடுக்குகளில் இறுக்கித் தார் ஊற்றினார். அந்த வேலையில் இந்த நாட்டில் எவனும் பிழை சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் வினை. ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் ஒரு கடையில் மினுங்குகிற நீலப் பெயின்ற் எடுத்து வந்தார். ஒரு பூச்சு, காயவிட்டுத் தேய்த்து இன்னொரு பூச்சு, மேலே வார்னிஷ். விளிம்பைச் சுற்றி மஞ்சள் பட்டி. உள்ளே சிவப்பு. நாணல் செருக வைத்த வளையங்களில் வெள்ளைப் பந்தல் ஏறியது. அம்மா அதற்குக் கையாலேயே சுருக்கு வைத்துத் தைத்தார். திரைச்சீலைத் துணியில் சிவப்பு மெத்தை. உண்மைத் தாராக்களை ஏய்த்து இறக்க மிதக்கவிடுகிற சேர்மனின் மரத் தாராக்களையும் அப்பா விடவில்லை, ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் சொண்டும் கறுப்புக் கண்ணும் எழுதினார். மணமகளுக்கு மை பூசுகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார்.

கொண்டிகளைப் பித்தளையில் மாற்றியாயிற்று. அவை மினுங்கவேண்டுமே. எங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த புளியில் ஒரு உருண்டை மிச்சம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒஸ்லோவில் புளி எங்கே? அம்மா அதை நாலு மாதமாகக் கிள்ளிக் கிள்ளிக் குழம்புக்குப் போட்டு வந்தவர். அந்த உருண்டை முழுவதையும் கரைத்துச் சேர்மனின் கொண்டிகளைத் தேய்த்தார். பிறகு வெகுநாளைக்கு எங்கள் மீன்குழம்பு வினாகிரியில்தான்.

மாமா வாசலில் வந்து நின்று பார்ப்பார். "மச்சான், தோணி செய்யிறியோ, தேர் செய்யிறியோ? வடம் பிடிக்க ஆக்கள் வேணுமெண்டாச் சொல்லு."

"எழும்பிப் போய் வேலை தேடு."

"தேடிக்கொண்டுதான் இருக்கிறன். தேரோட்டி வேலை ஒண்டு காலியாமே."

நான் அப்பாவின் பக்கம். சந்தேகமே இல்லாமல் அப்பாவின் பக்கம். அந்த நீலம் காய்ந்த பிறகு அதில் என் முகம் தெரிந்தது. நான் அதுவரை அவ்வளவு வடிவான ஒரு சாமானைக் கண்டதில்லை. ஆனாலும் சேர்மன் சொன்னதை இன்னொருமுறை சொன்னேன். மினுங்கக் கூடாதாம், அப்பா. "நீ சின்னப்பிள்ளை, வாய மூடு" என்றார்.

சேர்மன் திரும்பி வந்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் லில்லஸ்ட்ரோம்முக்கு அங்கால் உள்ள பெரிய ஏரிக்குப் போவதென்று முடிவாகியது. அப்பா தோணியைத் தார்ப்பாயால் மூடிக் கட்டியிருந்தார், கரையில்தான் திறப்பாராம். சேர்மன் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியின் பின்னால் கொளுவினார். அம்மாவும் வரவேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். முதல் பயணத்துக்குக் கற்பூரம் காட்டாமல் தண்ணீரில் விடுவதா? மாமாவை யாரும் கூப்பிடவில்லை. அவர் முன்னமே ஏறி இருந்துவிட்டார்.

ஏரிக்கரையில் காற்று இல்லை. தண்ணீர் ஈயத் தகடு மாதிரி. கரை நீளத்துக்கும் காய்ந்த நாணல், அதற்குள் இருந்து அழுகல் மணம். அம்மா தட்டில் எலுமிச்சம்பழமும் குங்குமமும் கற்பூரமும் வைத்துக்கொண்டு நின்றார். அப்பா கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை இழுத்தார்.

இப்போதும் சொல்கிறேன், அந்த ஏரியில் அதுவரை அப்படி ஒரு தோணி இறங்கவில்லை. இனியும் இறங்காது.

சேர்மன் தொப்பியைக் கழற்றினார். ஒரு முறை சுற்றி வந்தார். பந்தலின் சுருக்கை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். மெத்தையை அமுக்கினார். ஒரு மரத் தாராவை எடுத்து அதன் கண்ணைப் பார்த்தார். அப்பா சிரித்தபடி கைகட்டி நின்றார்.

"பிடிச்சிருக்காமோ? கேள், மனே."

நான் கேட்டேன். சேர்மன் சொன்னார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் கொடுத்தேன். "தான் கேட்டது வேட்டைத் தோணியாம். இது சர்க்கஸ் வண்டிலாம். சொன்னதச் செய்யத் தெரியாத ஆளுக்குக் கட்டடத்தின்ட திறப்ப எப்பிடிக் குடுக்கிறது எண்டு கேக்கிறார்."

கன்னத்தில் விழுந்தது. "பிழையாக் கதைக்கிறாய்! அந்த மனிசன் அப்பிடிச் சொல்லுவாரோ?"

காது இரைந்தது. சேர்மன் அப்பாவின் கையைச் சுட்டி ஏதோ சொன்னார். வாய் மட்டும் அசைந்தது.

"என்ன சொல்லுறான்?"

"என்னை அடிக்க வேண்டாமாம்."

பின்னால் மாமாவின் குரல். "மச்சான், அந்த வேண்டாமுக்கும் வேணும் எண்டுதான் கருத்தோ?"

அப்பா திரும்பவில்லை. அவருடைய பிடரி மட்டும் சிவந்தது. அம்மா குங்குமம் வைத்த கையை அப்படியே இறக்கினார். தோணியின் மூக்கில் ஒரு பொட்டு வைத்திருந்தார், இரண்டாவது வைக்கவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தாமலே தட்டைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். பூட்டுள்ள குளியலறை அந்தக் கரையிலேயே போய்விட்டது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

ஆனால் வேட்டை திறந்த பின்னேரத்தை வீணாக்குகிற மனிதர் இல்லை சேர்மன். துவக்கை எடுத்துக்கொண்டு ஏறினார். அப்பா துடுப்புக்கு. நான் மூக்கில், மொழிக்கு. அம்மாவும் மாமாவும் கரையில்.

அவ்வளவு வேலை செய்த தோணி தண்ணீரில் ஒரு சத்தம் இல்லாமல் போனது. அடியில் ஒரு சொட்டு வரவில்லை. சேர்மன் குனிந்து அடிப்பலகையைத் தடவியதை நான் கண்டேன். முதல் தாராக் கூட்டம் வடக்கே இருந்து வந்தது. எங்களுக்கு நேரே வந்து, சாயங்கால வெயில் வார்னிஷில் பட்டதும் வானத்தில் ஒரு கை அவற்றைத் தட்டிவிட்ட மாதிரிப் பிரிந்து உயரே போய்விட்டது. இரண்டாவது கூட்டம் அவ்வளவு தூரம்கூட வரவில்லை.

சேர்மன் கத்தியை எடுத்தார். பந்தலின் கயிறுகளை வெட்டினார். அம்மாவின் சுருக்கு வைத்த வெள்ளைத் துணியை உருட்டிக் காலுக்குக் கீழே போட்டார். நாணலுக்குள் விடச் சொன்னார். அப்பா விட்டார். தோணி நாணலுக்குள் ஏறி நின்றதும், சேர்மன் சட்டைக் கையை மடித்து, தோள்வரை தண்ணீருக்குள் விட்டு, அடியிலிருந்து சேற்றை அள்ளினார். கறுப்புச் சேறு. முட்டை அழுகின மணம். நீலத்தின் மேல் அப்பினார். தேய்த்தார். இன்னொரு கை. மஞ்சள் பட்டி போனது. இன்னொரு கை. அம்மா வைத்த குங்குமப் பொட்டு போனது.

அவர் கோபத்தில் பூசவில்லை. அது எனக்கு இப்போது தெரிகிறது. கோபத்தில் பூசியிருந்தால் அப்பாவால் தாங்கியிருக்க முடியும். தோட்டக்காரன் செடிக்கு மண் அணைக்கிற மாதிரி, வேலையாகப் பூசினார். தன் தோணியை வேட்டைக்குச் சரிபண்ணினார், அவ்வளவுதான். அப்பா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார்.

ஒரு பக்கம் முடிந்தது. சேர்மன் ஒரு கை சேற்றை அப்பாவின் பக்கம் நீட்டினார். மறு பக்கத்தைக் காட்டினார்.

"அப்பா, அந்தப் பக்கம் உங்களைப் பூசட்டாம்."

"எனக்கு விளங்குது. இதுக்கு நீ தேவையில்ல."

அப்பா கையை நீட்டவில்லை. சேர்மனின் விரல்களுக்கு இடையால் சேறு சொட்டுச் சொட்டாகச் சிவப்பு மெத்தையில் விழுந்தது. மூன்றாவது கூட்டம் தூரத்தில் கத்துவது கேட்டது. சேர்மன் அவசரப்படவில்லை. நீட்டியபடியே இருந்தார். அப்பா கரையைப் பார்த்தார்.

நானும் கரையைப் பார்த்தேன். அம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தக் கதவின் கைபிடி கைக்குள் இருக்கிற மாதிரியே இருந்தது. கிழவி இடுப்பால் தள்ளியதும்.

குனிந்து, என் தோள்வரை கையை விட்டு அள்ளினேன். தண்ணீர் எலும்பைக் கடித்தது. அப்பாவின் நீலத்தில் அப்பினேன். என் முகம் தெரிந்த இடத்தில்தான் முதலில் அப்பினேன். பிறகு நிறுத்தாமல் அப்பினேன். அப்பா "மனே" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களில் சிலர் இதை வாசித்து நாக்கைக் கடிப்பீர்கள் என்று தெரியும். கடியுங்கள். பூட்டுள்ள கதவுக்குள் குளித்து வளர்ந்தவர்கள்தான் நாக்கைக் கடிப்பார்கள்.

நாங்கள் நாணலைப் பிடுங்கி மேலே பரப்பிக் குனிந்து இருந்தோம். தாராக்கள் வந்தன. கால்களை முன்னே நீட்டிக்கொண்டு, எங்களை ஒரு மண்மேடு என்று நம்பி இறங்கின. சேர்மன் எழும்பிச் சுட்டார். இரண்டு விழுந்தன. வெடிமருந்து மணம் சேற்று மணத்தோடு கலந்தது. இன்றும் சமையலறையில் முட்டை பழுதானால் எனக்குத் துவக்குச் சத்தம் கேட்கும்.

கரைக்கு வந்ததும் சேர்மன் பச்சைத் தலைத் தாராக்கள் இரண்டையும் கழுத்தில் பிடித்து என்னிடம் தந்தார். அப்பாவிடம் இல்லை, என்னிடம். பிறகு தோணியின் அடியைக் காலால் தட்டினார். சொன்னார். நான் சொன்னேன்.

"அடிவேலை திறமாம். இப்பிடி ஒரு வேலை தான் பாத்ததில்லையாம். திங்கட்கிழமை தொடங்கலாமாம். வீட்டையும் தாறாராம். ஆனா இனி, கேட்டத மட்டும் செய்யட்டாம். கூடச் செய்ய வேண்டாமாம்."

அம்மா "முருகா" என்றார். சத்தமே வரவில்லை, உதடு மட்டும்.

அப்பா கையைக் கழுவவில்லை. அவருடைய கையில் சேறே இல்லை. தோணியில் இருந்த மற்ற இரண்டு பேருடைய கையிலும் இருந்தது, அவருடையதில் மட்டும் இல்லை. சேர்மனை நேராகப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"வேண்டாம் எண்டு சொல்லு."

"இஞ்சேருங்க" என்று அம்மா ஓடி வந்தார்.

"நீ விலகு. மனே, சொல்லு. எனக்கு வேலையும் வேண்டாம், வீடும் வேண்டாம்."

மாமாவோ? அவ்வளவு பேசுகிற மனிதர், பேசவேண்டிய ஒரே நேரத்தில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார். அந்த வீடு வந்தால் கதவு எங்கள் மூன்று பேருக்கும்தான், தன் பெட்டியைக் கட்டவேண்டி வரும் என்று கணக்குப் பார்த்தார் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சேர்மன் என் வாயைப் பார்த்தார். அப்பா என் வாயைப் பார்த்தார். அம்மா பார்க்கவில்லை. அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யா, தக்" என்றேன். ஓம், நன்றி.

அந்த இரண்டு சொல்லும் அப்பாவுக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த எவனுக்கும் முதலில் தெரிகிற சொற்கள் அவைதான். சேர்மன் தலையாட்டிவிட்டு வண்டியை நோக்கிப் போனார். அப்பா கையை ஓங்கினார். நான் கன்னத்தை நீட்டினேன்.

"நீங்கதானே சொன்னீங்க, அப்பா. வேண்டாம் எண்டா வேணும் எண்டுதான் எண்டு."

அந்தக் கை என் கன்னத்தில் இறங்கவே இல்லை. ஓங்கினபடி நின்று, பிறகு தலைமயிரைக் கோதிக்கொண்டு கீழே போனது. அதற்குப் பிறகு அவர் என்னை ஒருநாளும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

தாராக்களை மாமா கறிவைத்துச் சாப்பிட்டார். நல்ல உறைப்பு. வினாகிரி விட்ட கறி. அப்பா அன்று தேநீரோடு படுத்துவிட்டார். தோணியைச் சேர்மன் பிறகும் பல வருடம் வேட்டைக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு மாரியும் மழை சேற்றைக் கழுவ, உள்ளே இருந்து அந்த நீலம் தலைகாட்டும். அப்பா அதைக் கடந்து பனி தள்ளிக்கொண்டு போவார், தலை திருப்ப மாட்டார். கட்டடத்தை இடித்தபோது தோணி எங்கே போனதென்று தெரியாது. நான் தேடி விசாரித்தேன். காசு கேட்டாலும் கொடுத்து வாங்கியிருப்பேன். என்னிடம் இல்லாததா?

இப்போது ஒஸ்லோவில் எத்தனையோ கட்டடங்களின் படிகளை என் ஆட்கள் கழுவுகிறார்கள். என் பெயர் எழுதிய வண்டிகள் ஓடுகின்றன. அதை யாரிடமும் கேட்டுத் தெரியவேண்டியதில்லை, நிமிர்ந்து பார்த்தால் தெரியும். நான் எங்கே படித்தேன் என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஏரியைக் காட்டுவேன். என்ன கேட்கிறானோ அதைக் கொடு, அதற்கு மேல் ஒரு அகப்பை போடாதே. என் முழுப் படிப்பும் அதுதான்.

மாமா செத்து இரண்டு வருடம். செத்த வீட்டுக்குப் போனேன், பூ வைத்தேன். தோணி விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. அதை ஒருநாளும் அவரிடம் நான் சொல்லவில்லை. சரியாகச் சொன்னார் என்பதற்காக ஒரு மனிதனை மன்னிக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் சாமான்களை நிலவறையில் இருந்து மேலே ஏற்றினோம். சேர்மன் அப்பாவிடம் திறப்புக் கோர்வையைக் கொடுத்தார். அப்பா அதிலிருந்து ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இந்தா. நீ ஓம் எண்ட வீடு. நீயே திற."

திறந்தேன். அம்மா எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு நேரே குளியலறைக்குப் போனார். உள்ளே பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர். வெகுநேரம் தண்ணீர். அப்பா வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டு நின்றார்.

கடைசிவரை அவர் எங்கள் வீட்டுத் திறப்பை வாங்கவில்லை. கட்டடம் முழுவதன் திறப்பும் இடுப்பில் கிலுங்கும். கொதிகலன் அறை, கூரை, குப்பை அறை, அந்தத் தோய்க்கிற அறைகூட. எங்கள் கதவுக்கு மட்டும் இல்லை. வேலை முடிந்து பனியோடு வந்து, வேற்று ஆள் மாதிரி மணியை அடிப்பார். நான்தான் திறப்பேன். எனக்கு அந்தக் கிலுக்கம் படியிலேயே கேட்டுவிடும். ஆனாலும் அவர் மணி அடிக்கும்வரை எழும்ப மாட்டேன். சில நாள் இரண்டாம் தரம் அடிக்கும்வரை.